வேலையாள் மனமுவந்து உழைக்க...

"எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் பிள்ளைகள் மனம் வைத்து வேலை செய்வதில்லை ஹஜ்ரத்! நாம் கடையில் இருந்தால் ஒரு வேலை, இல்லாவிட்டால் வேறு வேலை" என்று துணிக்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் குறைபட்டுக் கொண்டார். வேலையாளின் கையைக் கண்காணிக்கலாம். உள்ளத்தைக் கண்காணிக்க எந்த முதலாளியாலும் முடியாது. அந்த உள்ளம் தானாக வேலையில் ஈடுபட வழி என்ன? திருமறை காட்டும் ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

மத்யன் ஒப்பந்தம்

எகிப்திலிருந்து தப்பி மத்யன் வந்த மூஸா (அலை) அவர்கள், இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டி உதவினார்கள். அப்பெண்களின் தந்தை அவர்களை அழைத்து வரச் செய்தார். அவர் ஷுஐப் (அலை) அவர்களே என்பது முஃபஸ்ஸிர்கள் பலரின் கருத்து. எதற்காக அழைத்தார்? கேளாமலே செய்த அந்த உதவிக்குக் கூலி கொடுப்பதற்காக! அடுத்து, அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் கூறினார். அதன் பிறகே வேலையைப் பற்றிய பேச்சு வருகிறது.

மகளை மணமுடித்துத் தருவதற்கு எட்டு ஆண்டுகள் வேலை. பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம். உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்ற கருத்தில் அப்பெரியவர் பேசியதை ஸூரத்துல் கஸஸ் (28:27) அறிவிக்கிறது. மூஸா (அலை) எந்தத் தவணையை நிறைவு செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, கூடுதலான தவணையையே என்று விடை கூறியதாக புகாரீயில் காண்கிறோம்.

கவனியுங்கள்! எட்டு ஆண்டுகள் கடமை. மீதி இரண்டும் மனமுவந்து தந்தவை. அந்த இரண்டையும் அதட்டிப் பெற முடியாது. கூலியைத் தெளிவாகப் பேசி, அச்சத்தை நீக்கி, சுமையை ஏற்றாதிருந்த பெரியவருக்கே அவை கிடைத்தன.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கூலி. அது இன்னதென்று அறியப்பட்டிருப்பது இஜாராவின் ஷர்த்து என ஷாஃபிஈ, ஹனஃபீ ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. "வேலையைப் பார், பிறகு பார்த்துச் செய்கிறேன்" என்பது பெருந்தன்மையன்று. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிக்கும் ஹதீஸ் குத்ஸியும் உண்டு. முஅத்தினுக்குரிய சம்பளத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சுமை. பணியாட்கள் உங்கள் சகோதரர்கள். சக்திக்கு மீறியதைச் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்பது அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் போதித்த பாடம். காலை முதல் இரவு வரை கடைப்பிள்ளைகளை நிற்க வைத்தே வேலை வாங்கும் வழக்கம் நம்மிடையே இருந்து வந்தது. அவர்கள் அமர இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஹதீஸைக் கேட்டிருந்தும் சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கலாமா?

மூன்றாவது, நாவு. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒரு முறைகூட "சீ" என்று சொன்னதில்லை. ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கடிந்ததுமில்லை. வாடிக்கையாளர் முன்னிலையில் ஏசப்பட்டவன் அன்று மாலை எந்த மனத்தோடு துணியை மடித்து வைப்பான்?

ஒரு மஸ்அலா

ரமளானில் கொடுக்கும் ஜகாத்தைச் சிலர் போனஸ் கணக்கில் சேர்த்து விடுகின்றனர். கூலிக்குப் பகரமாகக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. வேலையாள் ஏழையாயின், கூலியையும் பேசிய போனஸையும் முழுமையாகக் கொடுத்துவிட்டு, ஜகாத்தைத் தனியே கொடுக்கலாம்.

வேலையாட்களுக்கும் இதில் பாடம் உண்டு. சிறந்த பணியாளர் பலமும் நம்பிக்கையும் உடையவரே என்று அப்பெரியவரின் மகள் கூறியதையும் திருமறை எடுத்துரைக்கிறது. முதலாளி பார்க்காத நேரத்திலும் அல்லாஹ் பார்த்துக் கொண்டிருக்கிறான்.

அந்த அன்பரிடம் நாம் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளைகள் பத்துத் தரவில்லை என்கிறீர்கள், எட்டுக்குரியதை நீங்கள் முழுமையாகக் கொடுத்து விட்டீர்களா?" அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். நாம் ஒவ்வொருவரும் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பிறர் உழைப்பின் ஹக்கைப் பேணி நடக்க அல்லாஹ் தஆலா நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.