ஹார்பர் லைனில் ஒரு நாள் ஆங்கிலம்

நவி மும்பையின் நெருளில் ரயிலேறினால் மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அந்தத் தடத்தின் கடைசிப் பகுதியிலும், அது போய் முடியும் ஃபோர்ட், கொலாபா தெருக்களிலும் வெள்ளைக்கார ஆட்சியும் இரண்டு உலகப்போர்களும் விட்டுப்போன ஆங்கிலம் கல்லிலும் பித்தளையிலும் இன்னும் படிக்கக் கிடைக்கிறது. ஆங்கிலச் சொல்வளம் போதவில்லை என்று தவிக்கும் ஜூனியர் காலேஜ் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டிப்போகும் பெற்றோருக்கும் இந்த ஒருநாள் சுற்று. சொற்பட்டியலை உருப்போட்டால் தேர்வு வரைக்கும்தான் தாங்கும். ஒரு சொல்லை யார், எதற்காக, யாருடைய சாவைப் பற்றி எழுதினார்கள் என்று அறிந்து, அந்த இடத்திலேயே நின்று படித்தால் மனத்தை விட்டுப் போகாது.

சனிக்கிழமை காலை, அலுவலகக் கூட்டம் வடிந்த பிறகு கிளம்புங்கள். ஞாயிறு வேண்டாம்: ஹார்பர் லைனில் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் அடிக்கடி வரும், நாம் பார்க்கப்போகும் தேவாலயத்திலும் காலையில் வழிபாடு நடக்கும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். அகராதி கைபேசியில் இருக்கட்டும், ஆனால் முதலில் அதைத் திறக்காதீர்கள். வாக்கியத்தை முழுதாக எழுதிக்கொண்டு, பொருளை ஊகித்துப் பக்கத்தில் குறித்துவிட்டு, அப்புறம் பாருங்கள்.

வடாலா தாண்டியதும் நிலையப் பலகைகளைக் கவனியுங்கள். ரே ரோடும் சாண்டர்ஸ்ட் ரோடும் பம்பாய் கவர்னர்களாக இருந்த இரண்டு பிரபுக்களின் பெயர்கள். காட்டன் கிரீன் அதைவிடச் சுவையானது. கிரீன் என்றால் பச்சை என்று மட்டும் படித்திருப்போம். ஊர்ப் பொதுத்திடலுக்கும் அதே சொல்தான். பஞ்சுப் பொதிகள் முன்பு ஃபோர்ட்டில் டவுன் ஹாலுக்கு எதிரே இருந்த திடலில் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. வியாபாரம் கொலாபாவுக்கும் பிறகு சிவ்ரி பக்கமும் இடம் பெயர்ந்தபோது பெயரும் கூடவே வந்தது. இந்த நிலையப் பெயர்களில் சிலவற்றை மாற்ற மகாராஷ்டிர சட்டமன்றம் 2024-ல் தீர்மானம் போட்டிருக்கிறது. பலகைகள் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

டாக்யார்ட் ரோடு வரும்போது 1944 ஏப்ரல் 14-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அன்று விக்டோரியா டாக்கில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. அதோடு தங்கக் கட்டிகளும், கராச்சியில் ஏற்றிய பஞ்சு, மரம், கந்தகமும் இருந்தன. மதிய உணவுக்குப் பிறகு சரக்கறையிலிருந்து புகை வந்தது. மாலை நான்கு மணிக்கு மேல் கப்பல் இருமுறை வெடித்தது. அதிர்வு சிம்லாவின் நிலநடுக்கமானியில் பதிவானது. தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் திரும்பவில்லை. நாடு முழுவதும் ஏப்ரல் 14-ல் தீயணைப்பு வாரம் தொடங்குவது அவர்கள் நினைவாகத்தான். பைகுல்லா தீயணைப்புத் தலைமையகத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. துறைமுகத்துக்குள் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் இந்த விபத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வீட்டிலேயே எடுத்துவைத்துக்கொண்டு ரயிலில் படியுங்கள். ‘ஹோல்ட்’ என்பது பிடிப்பது மட்டுமல்ல, கப்பலின் சரக்கறையும்கூட. ரயிலில் நாம் கேட்டு வாங்கும் ‘பெர்த்’ கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கும் பெயர். சரக்கு ஏற்றி இறக்குபவர் ‘ஸ்டீவடோர்’. ‘சால்வேஜ்’ என்றால் அழிவிலிருந்து மீட்டெடுப்பது. அந்தக் கப்பலின் தங்கக் கட்டிகள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தூர்வாரும்போது கிடைத்தன என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தச் சொல் மறக்காது.

நேரமிருந்தால் மஸ்ஜித் நிலையத்தில் இறங்கி இந்தியன் செய்லர்ஸ் ஹோமுக்குப் போகலாம். முதல் உலகப்போரில் கடலிலேயே மறைந்த, கல்லறை இல்லாத 2,000-க்கும் மேற்பட்ட கடலோடிகளுக்கு அங்கே நினைவிடம் உண்டு. வாசலில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சி.எஸ்.எம்.டி.யிலிருந்து சிறிது தூரம் நடந்தால் வீர் நரிமன் சாலையில் செயின்ட் தாமஸ் கதீட்ரல். 1718 கிறிஸ்துமஸில் திறக்கப்பட்டது; சர்ச்கேட் என்ற பெயரே இதனால் வந்ததுதான். இந்தச் சுற்றில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. சுவர் முழுக்க நினைவுக் கற்கள். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கல்வெட்டு ஒன்றில் ஒரே வாக்கியம் பத்து வரிக்கு ஓடும். மிரள வேண்டாம். முதலில் இறந்தவர் பெயர், அடுத்து வினைச்சொல், பிறகு யார் அந்தக் கல்லை வைத்தார்கள் என்று தேடுங்கள். நம் மொழியில் வினை கடைசியில் வந்து பழகியதால் ஆங்கிலத்தில் அது முன்னாலேயே வந்துவிடுவதை நாம் தவறவிட்டுவிடுவோம். மிச்சமெல்லாம் அவரைப் பற்றிய அடைமொழிதான். ‘கேலன்ட்’, ‘ஜீல்’, ‘லமென்டட்’ என்ற புகழ்ச்சிச் சொற்களை எழுதிக்கொள்ளும்போது, அந்த அதிகாரிகளின் போர்களில் எதிர்ப்பக்கம் இறந்தவர்களுக்கு இங்கே கல் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1811-ல் இறந்த கவர்னர் ஜொனாதன் டங்கனின் நினைவுச் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். இரண்டு குழந்தைகள் ஒரு சுருளை ஏந்தியிருக்கும். பனாரஸிலும் கத்தியவாரிலும் ‘இன்ஃபன்டிசைட்’ ஒழிக்கப்பட்டது என்று அதில் பொறித்திருக்கிறார்கள். சிசுக்கொலை என்ற அந்தச் சொல்லைப் பிரித்தால், பின்பாதியான ‘சைட்’ கொலையைக் குறிக்கும். சூசைட், ஹோமிசைட், ஜெனோசைட், பெஸ்டிசைட் எல்லாம் அதே குடும்பம். ஒரு கல்லின் முன்னால் நின்று ஐந்து சொல் கற்றாயிற்று. ஒழிந்துவிட்டது என்று கல் சொன்னாலும், பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1870-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ‘அபாலிஷ்ட்’ என்று அரசு எழுதினால் அதைக் கேள்வியோடு படிக்க வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லித்தராது.

பக்கத்திலேயே ஹார்னிமன் சர்க்கிள். பஞ்சு குவிந்திருந்த பழைய திடல் இதுதான். நிழலில் உட்கார்ந்து எழுதியதைச் சரிபாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஃபோர்ட்டில் உடுப்பி ஹோட்டல்களுக்குப் பஞ்சமில்லை.

மதியத்துக்குப் பிறகு கேட்வே ஆஃப் இந்தியா. ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் 1911-ல் வந்திறங்கியதை நினைவுகூரக் கட்டி 1924-ல் திறந்தார்கள். ‘எரெக்டட்’, ‘கமெமரேட்’ இரண்டும் அதன் நெற்றியிலேயே இருக்கின்றன. ஆண்டு ரோமன் எண்ணில். கூட்டத்தில் அதிக நேரம் நிற்க வேண்டாம்.

கொலாபாவில் கடற்படை எழுச்சியின் நினைவுச் சிலை இருக்கிறது. 1946 பிப்ரவரி 18-ல் ‘தல்வார்’ என்ற தகவல்தொடர்புப் பயிற்சிப் பள்ளியில், மோசமான சாப்பாட்டுக்கும் இழிவான பேச்சுக்கும் எதிராகத் தொடங்கிய போராட்டம் சில நாளில் 78 கப்பல்களுக்குப் பரவியது. சுமார் 20,000 பேர் சேர்ந்தார்கள். பம்பாய்த் தெருக்களில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தச் சாதாரணக் கடற்படையினரை ஆங்கிலத்தில் ‘ரேட்டிங்ஸ்’ என்பார்கள். ஆட்சியாளர்கள் நடந்ததை ‘ம்யூட்டினி’ என்றார்கள். போராடியவர்கள் அமைத்த குழுவின் பெயரில் இருந்தது ‘ஸ்ட்ரைக்’. சிலையில் இருப்பது ‘அப்ரைசிங்’. மூன்றும் ஒரே ஐந்தாறு நாளைப் பற்றியவை. பிள்ளைகளிடம் மூன்றையும் எழுதச் சொல்லி, அவர்கள் அன்றைய பத்திரிகை ஆசிரியராக இருந்தால் எதைத் தலைப்பில் போடுவார்கள் என்று கேளுங்கள். தொடர்ந்து படிக்க விரும்பினால், அதில் பங்கெடுத்த பி.சி. தத் எழுதிய ஆங்கில நூல் நூலகங்களில் கிடைக்கும்; அவரே தலைப்பில் ‘ம்யூட்டினி’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பும்போது சி.எஸ்.எம்.டி.யில் ஐந்து மணிக்கு முன்னால் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். பன்வேல் அல்லது பேலாப்பூர் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். வாஷி வண்டி நெருளுக்கு வராது.