கப்பலின் கதியும் கடலின் ஓட்டமும்

நீராற் சூழப்பட்ட ஈழநாட்டிற் பிறந்த நமக்குக் கப்பல் புதியதன்று. வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தியை நம்மிற் பலர் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். ஆயினும், கடலிற் செல்லும் கப்பல் எத்துணை விரைவாகச் செல்கின்றது என்னும் வினாவுக்கு விடை கூற முற்படுவோமாயின், அஃது அத்துணை எளிதன்று என்பது புலனாகும். வண்டி செல்லும் தரை அசையாது நிற்கின்றது. கப்பல் செல்லும் நீரோ தானும் அசைகின்றது. இவ்வொரு வேற்றுமையினின்றும் விளைவன யாவை என்பதை ஈண்டு ஆராய்வாம். பிரயோக கணிதத்திற் சார்பு வேகம் எனக் கற்கப்படும் பாடம், மனித உயிர்களோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையது என்பதும் இவ்வாராய்ச்சியினாற் பெறப்படும்.

கதியை அளந்த வகை

முற்காலத்து மாலுமிகள் கயிற்றையும் மணற்கடிகாரத்தையும் கொண்டே கப்பலின் கதியை அளந்தனர். ஒரு மரத்துண்டை நீண்ட கயிற்றின் நுனியிற் கட்டிக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் இடுவர். அம்மரத்துண்டு நீரிலே இட்ட இடத்தில் நிற்க, கப்பல் முன்னே செல்லும். கயிறு சுருளினின்றும் அவிழ்ந்து ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒன்றாக முடிச்சுகள் இடப்பட்டிருக்கும். 28 செக்கனில் ஒழியும் மணற்கடிகாரம் வெறுமையாவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே சென்றன என்பதை எண்ணுவர். அவ்வெண்ணே கப்பலின் கதியாகும். முடிச்சு எனப் பொருள்படும் நொட் என்னும் ஆங்கிலச் சொல் கடற்கதியின் அலகானது இவ்வாறே.

ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். கடல் மைலோ, பூமியின் மேற்பரப்பில் வடக்குத் தெற்காக அளக்கப்படும் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கு ஏறக்குறையச் சமமான தூரம். அது 1852 மீற்றர் என 1929ஆம் ஆண்டிலே சர்வதேச உடன்பாட்டினால் வரையறுக்கப்பட்டது. 28 செக்கன் ஒரு மணித்தியாலத்தில் எத்தனையாவது பங்கோ, 47 அடி 3 அங்குலமும் ஒரு கடல் மைலில் அத்தனையாவது பங்கே என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுத் தெளிக.

இம்முறையில் ஒரு குறை உண்டு. மரத்துண்டு நிற்பது நீரிலே. அந்நீர் முழுவதும் மணிக்கு மூன்று கடல் மைல் ஓடுமாயின், மரத்துண்டும் அதனோடு ஓடும், கப்பலும் ஓடும். கயிறு இவ்வோட்டத்தைச் சிறிதும் அறிவிக்கமாட்டாது. ஆகவே கப்பலுக்குக் கதி இரண்டு என்க. ஒன்று நீரைச் சார்ந்த கதி. மற்றையது நிலத்தைச் சார்ந்த கதி. முன்னையது கப்பலின் உள்ளிருந்தே அளக்கத் தக்கது. பின்னையதை அறியக் கரையையோ, விண்மீனையோ, கப்பலுக்குப் புறம்பான வேறொன்றையோ நோக்குதல் வேண்டும்.

கணக்கு வகை

நேர் ஓட்டத்தை முதலில் நோக்குவாம். நீரிலே 12 நொட் கதியுடைய கப்பல் ஒன்று, 140 கடல் மைல் தொலைவிலுள்ள துறைக்குச் சென்று மீள்கின்றது எனக் கொள்க. போகும்போது 2 நொட் நீரோட்டம் உடன்செல்கின்றது. மீளும்போது அதுவே எதிர்க்கின்றது. போகையில் நிலக்கதி 14 நொட். காலம் 10 மணி. மீள்கையில் நிலக்கதி 10 நொட்; காலம் 14 மணி. ஆக 24 மணி. ஓட்டமற்ற நீரில் 280 கடல் மைலையும் கடக்க 23 மணி 20 நிமிடமே செல்லும். போகையிற் பெற்ற இலாபம் மீள்கையில் உற்ற நட்டத்தோடு சரியாகிவிடும் எனப் பலர் கருதுவர். அது பிழையென்பது இதனால் விளங்கும். எதிரோட்டத்திலே கப்பல் நெடுநேரம் நிற்றலின், நட்டமே மிகும்.

இனிக் குறுக்கோட்டம். அதே கப்பல் வடக்கு நோக்கிச் செல்ல, நீர் 3 நொட் கதியிற் கிழக்கே ஓடுகின்றது. மாலுமி அதனைப் பொருட்படுத்தாது வடக்கே முகம் வைத்துச் செலுத்துவாராயின், பத்து மணி நேரத்திற் கப்பல் 30 கடல் மைல் கிழக்கே ஒதுங்கிவிடும். நேர் வடக்கே செல்ல விரும்பின், கப்பலின் முகத்தை ஏறக்குறைய 14½ பாகை மேற்கே திருப்புதல் வேண்டும். அவ்வாறு திருப்பியபின் வடக்கு நோக்கிய கதி 11.6 நொட் ஆகக் குறையும். இவ்விரண்டு விடைகளையும் தாளில் முக்கோணம் வரைந்தே பெறலாம்.

பயணிகள் கப்பலும் நேர அட்டவணையும்

உல்லாசப் பயணக் கப்பலில் ஏறுவோர், கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக ஏறிமுடித்தல் வேண்டும் என்று கண்டிப்பாகப் பணிக்கப்படுகின்றனர். இஃது அதிகாரிகளின் வெறும் பிடிவாதம் அன்று. அடுத்த துறைமுகத்திலே வழிகாட்டி மாலுமி, இழுவைப்படகு, துறைமேடை ஆகிய மூன்றும் குறித்த நேரத்துக்கென ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். புறப்படுவதிலே தாமதித்தால், அத்தாமதத்தைக் கடலிலே கதியினால் ஈடுசெய்தல் வேண்டும். கதியோ மலிவான பண்டம் அன்று.

நீரைக் கிழித்துச் செல்லும் கப்பலுக்கு வேண்டிய வலு, ஏறக்குறையக் கதியின் மூன்றாம் அடுக்காகப் பெருகும் என்பது பொது விதி. 300 கடல் மைலை 15 மணியிற் கடக்கவேண்டிய கப்பலுக்கு 20 நொட் போதும். 1 நொட் எதிரோட்டம் இருப்பின் 21 நொட் வேண்டும். வலு நூற்றுக்குப் பதினாறு பங்கு கூடும். ஓட்டம் இல்லை, ஆனால் ஏற்றத்தில் ஒரு மணி தாமதம் நேர்ந்தது எனின், கதி 21.4 நொட் ஆதல் வேண்டும். வலு நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு கூடும். இரண்டும் ஒருங்கே நேரின் கதி 22.4 நொட், வலுவோ நூற்றுக்கு நாற்பத்தொரு பங்கு மிகும். அத்துணை வலு இயந்திரத்தில் இல்லையாயின், கப்பல் பிந்தியே சேரும். மேடையிலே ஒரு மணி நேரம் நின்ற பயணிகளும், கண்ணுக்குப் புலனாகாது ஓடிய நீரும் சேர்ந்து எரிபொருளை விழுங்கும் வகை இதுவாகும்.

யுனைற்றெட் ஸ்ரேற்ஸ் என்னும் பெரும் பயணிகள் கப்பல் 1952ஆம் ஆண்டு தன் முதற் பயணத்திலே அத்திலாந்திக் சமுத்திரத்தை இருமுறையும் முன்னில்லாத கதியிற் கடந்தது. கிழக்கு நோக்கிச் சென்றபோது 2942 கடல் மைலை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில், சராசரி 35.59 நொட் கதியிற் கடந்தது. மேற்கு நோக்கி மீண்டபோது 2906 கடல் மைலுக்கு 3 நாள் 12 மணி 12 நிமிடம் சென்றது, கதி 34.51 நொட். தூரம் குறைந்தும் காலம் மிகுந்தமை நோக்கத்தக்கது. இவ்வேற்றுமை முழுவதையும் நீரோட்டத்தின் மேல் ஏற்றுதல் பொருந்தாது; காற்றுக்கும் அலைக்கும் இதிற் பங்குண்டு. ஆயினும் வட அத்திலாந்திக்கில் நீரும் காற்றும் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே செல்கின்றன என்பதை மறத்தலாகாது.

குடா நீரோட்டமும் பிராங்கிளினும்

மெக்சிக்கோக் குடாப் பக்கமிருந்து புறப்பட்டு, அமெரிக்கக் கரையோரமாக வடக்கே சென்று, பின் கிழக்கே திரும்பும் வெம்மையான ஓட்டமே குடா நீரோட்டம். அதன் வலிமை மிக்க இடங்களில் மேற்பரப்பு நீர் 4, 5 நொட் கதியையும் அடையும். 5 நொட் கதியிற் செல்லும் பாய்க்கப்பல் ஒன்று அதன் நடுவே எதிர்த்துச் சென்றால், அலையைக் கிழித்துக்கொண்டே நின்ற இடத்தில் நிற்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே பெஞ்சமின் பிராங்கிளின் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் தபாற் பணியிற் பொறுப்பு வகித்தார். இங்கிலாந்தினின்றும் நியூயோர்க் செல்லும் தபாற் கப்பல்கள், றோட் தீவுக்குச் செல்லும் வணிகக் கப்பல்களிலும் ஏறக்குறைய இரண்டு வாரம் பிந்திச் சேர்கின்றன என்ற முறைப்பாடு அவரிடம் வந்தது. அப்போது இலண்டனில் இருந்த அவர், நன்ரக்கெற்றைச் சேர்ந்த தம் உறவினரான திமொதி போல்ஜர் என்னும் கப்பற்றலைவரை உசாவினார். திமிங்கிலம் வேட்டையாடுவோர் அந்நீரோட்டத்தின் ஓரங்களை நன்கறிவர் என்றும், அதன் நடுவே எதிர்த்து வரும் தபாற் கப்பல்களைக் கண்டு விலகுமாறு கூறியும் அவற்றின் தலைவர்கள் கேட்டிலர் என்றும் போல்ஜர் விளக்கினார். பிராங்கிளின் அவ்வோட்டத்தைப் படமாக வரைவித்து அச்சிட்டார். தபாற் கப்பற்றலைவர்கள் அப்படத்தையும் பொருட்படுத்தவில்லை. மீனவர் சொல் என்று இகழப்பட்ட அறிவு, பிற்காலத்திலே கடற்கலையின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

அடுத்த நூற்றாண்டிலே அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மத்தேயு மோறி என்பார், கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டிக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் படங்கள் அமைத்தார்; அவை 1847ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. கணக்கின்படி கப்பல் எங்கே இருத்தல் வேண்டும், விண்மீன் நோக்கிய அளவின்படி உண்மையில் எங்கே இருந்தது என்னும் இரண்டினதும் வேற்றுமையே அந்நாட்களில் நீரோட்டத்தை அறிய உதவியது.

நம் நாட்டைச் சூழ்ந்த ஓட்டங்கள்

அத்திலாந்திக்கின் பெரிய ஓட்டங்கள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே திசையிற் செல்வன. வட இந்து சமுத்திரத்தின் இயல்பு வேறு. இங்குப் பருவக்காற்றுத் திசை மாறும்போது நீரும் திசை மாறுகின்றது. ஈழத்தின் தென்கரைக்கப்பால், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீர் கிழக்கே ஓடும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கே ஓடும். சுயஸ் கால்வாய்க்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே செல்லும் கப்பல்கள் தேவேந்திர முனைக்குத் தெற்கே இந்நீரின் வழியாகவே செல்கின்றன. ஆகவே ஓராண்டின் ஒரு பாதியில் உதவிய ஓட்டம், மறு பாதியிற் பகையாகின்றது. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள சோமாலி நீரோட்டமும் இவ்வாறே திசை மாறும். தென்மேற்குக் காற்று வலுத்த காலத்தில் அது 7 நொட் வரை விரைவதுமுண்டு.

தமிழ்க் கடற்கரையூர்களிலே நீரோட்டத்தை நீவாடு என்பர். வலையை எங்கே இட்டால் எங்கே எடுக்கலாம் என்பதை நீவாடு பார்த்தே கடற்றொழிலாளர் துணிவர். ஏட்டுக் கல்வியில்லாதவரும் சார்பு வேகத்தைக் கையாண்டே வந்துள்ளனர்.

ஹொண்டா முனையில் நேர்ந்த அழிவு

புறச்சான்றை இகழ்ந்தமையால் விளைந்த கேட்டுக்கு ஓர் உதாரணம் கூறுவாம். 1923ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆம் நாள், அமெரிக்கக் கடற்படையின் பதினான்கு நாசகாரிக் கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவினின்றும் சான் டியேகோவுக்கு, கலிபோர்ணியாக் கரையோரமாக 20 நொட் கதியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. மூடுபனியினாற் கரை தோன்றவில்லை. தலைமைக் கப்பலிலிருந்தோர், கதியையும் காலத்தையும் பெருக்கித் தம் இடத்தை மதித்தனர். கரையிலிருந்த வானொலித் திசையறி நிலையம், கப்பல்கள் அவர்கள் எண்ணிய இடத்துக்கு வடக்கே நிற்கின்றன எனக் காட்டியது. அக்கருவி அந்நாளிற் புதியது. அதன் கூற்றை ஐயுற்றுத் தம் கணக்கையே நம்பினர். இரவு 9 மணிக்கு, சாந்தா பார்பரா நீரிணையின் வாயிலை அடைந்துவிட்டோம் என்ற துணிபுடன் கிழக்கே திரும்பினர். சில நிமிடங்களில் டெல்பி என்னும் முதற்கப்பல் ஹொண்டா முனையின் பாறைகளில் மோதியது. பின்வந்தவையும் தொடர்ந்து மோதின. ஏழு கப்பல்கள் அழிந்தன. 23 மாலுமிகள் மாண்டனர்.

அதற்கு ஒரு வாரம் முன்னர், செப்ரெம்பர் 1ஆம் நாள், யப்பானிலே பெரும் பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. அதன் விளைவாகக் கடலோட்டம் மாறியிருக்கலாம் என்று கருதுவோர் உளர். அஃது எவ்வாறாயினும், நீரைச் சார்ந்த கதியை நிலத்தைச் சார்ந்த கதியாகக் கொண்டமையும், கப்பலுக்குப் புறம்பேயிருந்து வந்த சான்றைத் தள்ளியமையும் ஒருங்கு சேர்ந்தே அவ்வழிவை விளைத்தன என்பதில் ஐயமில்லை. கடலின் ஆழத்தை அளந்து பார்த்திருப்பினும் கரை அண்மையிலுள்ளது என்பது புலனாகியிருக்கும். கதியைக் குறைக்க மனமின்மையால் அதுவும் செய்யப்படவில்லை.

முடிவுரை

இக்காலத்துக் கப்பல்களில் நீர்க்கதியைக் காட்டும் கருவியும், செய்மதிகளின் துணையால் நிலக்கதியைக் காட்டும் கருவியும் அருகருகே உள்ளன. இரண்டு எண்களும் வேறுபடுமாயின், அவ்வேறுபாட்டிலே நீரோட்டம் தன்னைத் தெரிவிக்கின்றது. மாலுமியின் கடமை ஒன்றை நம்பி மற்றையதைத் தள்ளுதல் அன்று. இரண்டும் ஏன் வேறுபட்டன என வினாவுதலேயாகும்.

கயிற்றின் முடிச்சுகளை எண்ணிய மாலுமி பிழையாக எண்ணினார் அல்லர். அவர் எண்ணியது உண்மையே. ஆனால் அது முழு உண்மை அன்று. இவ்வேறுபாட்டை இளம் பருவத்திலேயே உணர்த்துதல் கணித ஆசிரியரின் பணிகளுள் ஒன்றாகும். ஆண்டுகள் பலவற்றைக் கடந்து விழாக் கொண்டாடும் நம் கல்லூரியும், தான் கடந்த தூரத்தைத் தன் குறிப்பேட்டினால் மாத்திரம் அளவாது, ஊரையும் உலகத்தையும் நோக்கி அளந்துகொள்ளுமாக. அவ்வளவையைக் கொணர்ந்து கொடுத்தல், கரையிறங்கி வெவ்வேறு திசைகளிற் சென்ற பழைய மாணவராகிய நம் கடனாகும்.