கூடிய எலும்பும் கோணிய எலும்பும்

சென்னைத் தெருக்களில் ‘புத்தூர் கட்டு’ என்னும் பெயர்ப்பலகையைப் பல இடங்களில் காணலாம். அந்தப் புத்தூர், ஆந்திர மாநிலத்தில் கார்வேட்டிநகரத்திற்கு அருகில், தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதியில் உள்ளது. அங்கு 1881ஆம் ஆண்டில் கேசவராஜு என்பவர் எலும்பு முறிவு வைத்தியத்தைத் தொடங்கினார். பச்சிலைச் சாறும் முட்டையின் வெண்கருவும் தடவி, துணி சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டுதல் அம்முறை.

எனினும், எலும்பைக் கூட்டுவது கட்டு அன்று, உடலே. முறிந்த இடத்தில் முதலில் குருதி உறையும். சில வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்பொருள் தோன்றி இருமுனைகளையும் பிணைக்கும். பின்னர் அது இறுகி எலும்பாகும். சிறுவரின் முன்கை எலும்பு கூட ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும். கட்டின் பணி இரண்டே: எலும்பை நேராக நிறுத்துதல், அசையாமற் காத்தல்.

நேராக நில்லாத எலும்பு கோணலாகக் கூடிவிடும். அசைந்துகொண்டே இருக்கும் எலும்பு கூடாமலே போகலாம். குருதி குறைவாகப் பாயும் இடத்திலும் இத்தீங்கு நேரும்.

சோவியத் வீரர் வலேரி புருமெல் 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் அவரது கால் நொறுங்கியது. பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னும் எலும்பு கூடவில்லை. குர்கான் என்னும் சைபீரிய நகரில் மருத்துவர் இலிசாரோவ், காலைச் சுற்றி உலோக வளையங்களைப் பொருத்திக் கம்பிகளால் எலும்பை அசையாது நிறுத்தினார். எலும்பு கூடியது. புருமெல் மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்.

எங்குக் கட்டினாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் வேண்டும். கட்டியபின் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி மிகுந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வலி குறைந்தது என்று கட்டைத் தாமே அவிழ்த்தல் ஆகாது. ஓடியாடும் பருவத்தில் 6 வாரங்கள் பொறுத்திருத்தல் அரிது. ஆயினும் அப்பொறுமையே கையை நேராக்கும்.

அருஞ்சொற்பொருள்
கூடுதல் – ஒன்றுசேர்தல்
குருதி – இரத்தம்
பத்தை – பிளந்து சீவிய சிறு துண்டு
கோணுதல் – வளைதல்

வினாக்கள்
1. கட்டின் பணிகள் இரண்டு யாவை?
2. எலும்பு கூடாமற்போவதற்குரிய காரணங்களை எழுதுக.
3. மூங்கில் பத்தைக்கும் உலோக வளையத்திற்கும் உள்ள ஒற்றுமை யாது?
4. ‘கூடும்’ என்னும் சொல் இருவேறு பொருளில் வருமாறு இரு தொடர்கள் அமைக்க.