பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது நாம் கற்ற பாடம்



கெங்குவார்பட்டியில் நடந்த போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "மழைக்கு நாலு நாள் லீவு விட்டாலே எங்க வீட்டுப் பிள்ளை படிச்சத மறந்துருது. இன்னொரு கொரோனா வந்தா என்ன செய்யிறது?" நல்ல கேள்வி. இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொள்வோம்.

2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். ஒன்றாம் வகுப்பில் விட்ட பிள்ளை மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. நடுவில் இரண்டாம் வகுப்பை அது கண்ணாலும் பார்க்கவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். ஆனால் தோப்பு வேலைக்குப் போகிற நம் வீடுகளில் போன் ஒன்றுதான். அதையும் காலையிலேயே வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். டிவியில் டீச்சர் கேள்வி கேட்பார், பிள்ளை சொல்லும் பதில் அவர் காதுக்குப் போகாது. சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஊரடங்கில் நம் குழு என்ன செய்தது? வாரக் கூட்டம் போட முடியவில்லை. ஊக்குநர் வாசலில் நின்று சேமிப்பை வாங்கி நோட்டில் எழுதினார். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட இடம் கொடுத்தது. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று கணக்குப் பார்த்து, முடிந்தவர்கள் கட்டினோம். நாளும் இடமும் மாறினாலும் சேமிப்பு நிற்கவில்லை.

படிப்புக்கும் அப்படி ஒரு வழி பின்னால் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. சாயங்காலம் 5 மணி முதல் 7 மணி வரை, 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1000 ரூபாய். திண்ணையும் மரத்தடியும் வகுப்பறை ஆயின. படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள்தான் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19 ஆயிரம் கிராமத்துப் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அப்படித் திரும்பியதில் ஏறத்தாழ கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் வந்ததாம். கூடுதலாக ரெண்டு மணி நேரம், பக்கத்து வீட்டு அக்கா, அவ்வளவுதான்!

பெரிய பிள்ளைகள் கதை வேறு. இதைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. 2020ல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி எல்லாரும் பாஸ். நம் கூட்டமைப்பில் ஒரு உறுப்பினரின் மகளும் பாஸ். ஆனால் அவள் பதினொன்றில் சேராமல் மில் வேலைக்குப் போனாள். "பள்ளிக்கூடம் தொறந்ததும் வந்துருவா" என்று அம்மா சொன்னார், நாமும் நம்பினோம். அவள் வரவே இல்லை. அந்த அம்மாவிடம் வாரா வாரம் தவணையைக் கேட்ட நாம், மகள் எங்கே என்று ஒரு வாரம்கூடக் கேட்கவில்லை. குழுவின் சொந்த நிதியில் வாங்கிய கடன்தான் அது. நாலு தவணையைத் தள்ளிவைக்க ஒரு தீர்மானம் போதும். போடவில்லை.

இப்போது நம் கையில் இன்னும் கொஞ்சம் வசதி இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 ஆகஸ்ட் முதல் காலை உணவு உண்டு. அதைச் சமைக்கிறவர்கள் பெரும்பாலும் சுயஉதவிக் குழுப் பெண்கள். எந்தப் பிள்ளை தட்டு ஏந்த வரவில்லை என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், சேமிப்பு எண்ணுவதற்கு முன்பு, ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகாத பிள்ளை யார் வீட்டில் என்று கேளுங்கள். உங்கள் தெருவில் பன்னிரண்டாவது முடித்த பெண் யார், விளக்கு உள்ள திண்ணை எது, ஆறு மணிக்கு மேல் யார் வீட்டுப் போன் சும்மா இருக்கும் என்பதையும் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பிரதிநிதிகள் அந்த நோட்டைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு மறக்காமல் கொண்டுவர வேண்டும்.