பாட்டியின் மாத்திரையும் பம்பளிமாசும்

நொதி என்றதும் நம்மில் பலருக்குச் சோதனைக் குழாய்தான் நினைவுக்கு வரும். உயிர்வேதியியல் படிக்கும் எனக்கோ ஈப்போவில் இருக்கும் என் பாட்டியின் நினைவு வருகிறது.

பாட்டி கொழுப்பைக் குறைக்க இரவில் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை போடுபவர். சீனப் பெருநாள் வந்துவிட்டால் வீடு நிறையத் தம்புன் பம்பளிமாஸ்தான். அதில் தினமும் பாதிப் பழம் அவருக்கு. சென்ற ஆண்டு தொடை வலிக்கிறது என்றார். வயதாகிவிட்டது என்று இருந்துவிட்டோம். இந்தப் பழவகைக்கும் மாத்திரைக்கும் ஒத்துவராது என்று எங்கோ படித்திருந்த நான், "காலையில பழம், ராத்திரி மாத்திரை, நடுவுல 12 மணி நேரம் இருக்கே பாட்டி, பயமில்லை" என்று தீர்ப்பும் சொன்னேன். அது தவறு.

உணவில் நொதித்தடுப்பான்கள் இருப்பது புதிய செய்தியன்று. பச்சைச் சோயாவில், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருள் உண்டு. சோயாவை வேகவைத்துக் கொடுத்தால்தான் எலிகள் நன்கு வளர்கின்றன என்பதை ஆஸ்போர்ன், மெண்டல் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1917இலேயே கண்டனர். சூட்டில் அத்தடுப்பான் பெரும்பாலும் செயலிழந்துவிடும். எனவே தெம்பே பிரியர்கள் கவலைப்பட வேண்டாம்.

பழத்தை யார் வேகவைக்கிறார்கள்? பம்பளிமாசிலும் அதன் வழிவந்த கிரேப்புரூட்டிலும் ஃபியூரனோகூமரின் என்னும் பொருள்கள் உள்ளன. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், மதுவும் ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தபோது, மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்புரூட் சாற்றைக் கலந்தனர். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியது. காரணம் சாறுதான் என்பது 1991இல் உறுதியாயிற்று.

நம் குடற்சுவரில் உள்ள சிப்-3ஏ4 என்னும் நொதி, சில மருந்துகளில் கணிசமான பங்கை இரத்தத்தில் கலக்குமுன்பே சிதைத்துவிடும். மருத்துவர் தரும் அளவு இந்த இழப்பையும் கணக்கில் கொண்டதே. ஃபியூரனோகூமரின் இந்நொதியில் சற்று நேரம் ஒட்டிவிட்டு விலகுவதில்லை. அதை நிரந்தரமாகப் பழுதாக்கிவிடுகிறது. குடல் செல்கள் புது நொதியைச் செய்துதான் ஈடுகட்ட வேண்டும். முழுமையாக மீள ஓரிரு நாளுக்கு மேலும் ஆகலாம். அப்புறம் என் 12 மணி நேரம் எதற்கு உதவும்? போட்டித் தடுப்புக்கும் மீளாத் தடுப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

தவற்றை உணர்ந்ததும் பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் இந்நொதியைப் பெரிதும் சாராத பிராவாஸ்டாட்டினுக்கு மாற்றினார். வலி குறைந்தது, பழத்தால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எல்லா மருந்துக்கும் இச்சிக்கல் இல்லை. ஆகவே, உங்கள் வீட்டிலும் பம்பளிமாஸ் பிரியர் இருந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், அதன் பெயரைச் சொல்லி மருந்தாளரிடம் கேளுங்கள்.

"இத்தனை வருஷமா சாப்பிடுறேன், பழத்தை ஏன்டா குறை சொல்ற?" என்று பாட்டி இன்னும் என்னைத் திட்டுகிறார்.