இல்லத்தின் வண்ணமும் உள்ளத்தின் அமைதியும்

சினங்கொண்டவரைப் பார்த்து, "முகம் சிவந்துவிட்டது" என்கிறோம். மனம் வாடியவரைப் பார்த்து, "முகம் கறுத்துவிட்டது" என்கிறோம். தொல்காப்பியர் தம் நூலின் உரியியலில், கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளியை உணர்த்தும் என்று கூறி, அதன் பின்னரே அவை நிறத்தை உணர்த்தவும் உரியன என்கிறார். நிறத்தையும் மனத்தையும் இணைத்துப் பேசுவது நம் மொழிக்கு அவ்வளவு பழைய வழக்கம்.

ஆனால் தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் பூசும்போது இந்த உறவை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்தச் சாயம் மலிவு, எந்த நிறத்தில் அழுக்குத் தெரியாது என்னும் இரண்டு கேள்விகளோடு கடையிலிருந்து திரும்பிவிடுகிறோம். வண்ணம் பார்த்து அறையை அமைப்பது வசதி படைத்தோர் செய்யும் வேலை என்னும் எண்ணமும் நம்மிடையே உண்டு. பத்து அறைகள் உள்ள மாளிகையில் ஓர் அறை பிடிக்காவிட்டால் அடுத்த அறைக்குச் செல்லலாம். லயத்து வீட்டிலும் மலிவு விலை அடுக்குமாடி வீட்டிலும் அவ்வாறு செல்ல இடம் ஏது? விடியுமுன் எழுந்து வேலைக்குச் சென்று வந்த தந்தையும், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த அண்ணனும் பகலில் கண்ணயர வேண்டும். அதே நேரத்தில், அதே கூடத்தின் மறுபக்கத்தில், பிள்ளை வீட்டுப்பாடம் எழுத வேண்டும். ஓய்வுக்கும் படிப்புக்கும் ஒரே கூடம் இடந்தர வேண்டிய வீட்டில்தான் நிறத்தைப் பற்றிய அறிவு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

நிறம் மனத்தை நேராக மாற்றிவிடும் என்று பலர் உறுதியாகக் கூறுவர். 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கடற்படைச் சிறையின் அறை ஒன்றுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசினர். அதனுள் வைக்கப்பட்ட கைதிகளின் மூர்க்கம் தணிந்தது என்ற செய்தி பரவியது. பிற நாட்டுச் சிறைகளும் இந்த முறையைப் பின்பற்றின. பின்னாளில் சுவிட்சர்லாந்தின் சிறை ஒன்றில் இதனை முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இளஞ்சிவப்பு அறையில் இருந்தோருக்கும் வெள்ளை அறையில் இருந்தோருக்கும் வேறுபாடு தென்படவில்லை என்று 2015ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. ஆகவே, இந்த நிறம் பூசினால் கோபம் போகும், அந்த நிறம் பூசினால் பிள்ளைக்குப் படிப்பு வரும் என்று எவரேனும் சொன்னால், அதை நம்பிப் பணத்தைச் செலவிடாதிருப்பது நலம்.

மேலும், ஒரே நிறம் எல்லா மக்களுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. நம் நாட்டிலேயே இதைக் காணலாம். சீனர்களுக்குச் சிவப்பு மங்கல நிறம். புத்தாண்டில் வாசலெங்கும் அதுவே திகழும். வெண்மை அவர்களுக்கு நெடுங்காலமாகத் துக்க நிறம். மலாய் மரபில் மஞ்சள் அரச குடும்பத்துக்கு உரியது. நமக்கோ மஞ்சள் மங்கலம். திருமண அழைப்பிதழின் நான்கு மூலைகளிலும் அதைத் தடவாமல் அனுப்புவதில்லை. நிறம் தரும் உணர்ச்சியில் பெரும்பகுதி பழக்கத்தினால் வருவதாகும்.

அவ்வாறாயின் சாயத்துக்கும் மனத்துக்கும் உறவே இல்லையா? உண்டு. அந்த உறவு ஒளியின் வழியாக வருகிறது. மாணவர்கள் இதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். ஒரே அளவுள்ள இரண்டு காலணிப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் உட்புறம் முழுவதும் வெள்ளைத் தாளையும், மற்றதன் உட்புறம் கருநீலத் தாளையும் ஒட்டுங்கள். இரண்டின் மூடியிலும் வெளிச்சம் புக ஒரே அளவில் ஒரு துளையும், பக்கத்தில் கண் வைத்துப் பார்க்க மற்றொரு துளையும் இடுங்கள். உள்ளே செய்தித்தாள் துண்டு ஒன்றைப் போட்டு மூடிப் பாருங்கள். இரு பெட்டிகளுக்குள்ளும் புகுந்த வெளிச்சம் ஒன்றே. ஆயினும் வெள்ளைப் பெட்டியில் எழுத்துகளைப் படிக்க முடியும்; நீலப் பெட்டியில் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும்.

வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கைத் திருப்பித் தருகிறது. கரும்பழுப்பும் கருநீலமும் 10 பங்கு அளவே தருகின்றன, எஞ்சியதை விழுங்கிவிடுகின்றன. சிறிய சன்னல் உள்ள கூடத்துக்கு அடர்ந்த நிறம் பூசுவது, பகலிலேயே விளக்கைப் போட்டு மின்கட்டணம் கட்டுவதற்கு ஒப்பாகும். வெளிச்சம் குறைந்த அறையில் நெடுநேரம் இருப்பவருக்குக் கண் சோர்வும், அதன் வழியே மனச் சோர்வும் வருவதை நாம் அனைவரும் அறிவோம்.

சிவப்பு நிறத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாலை மங்கும் நேரத்தில் வாசலில் உள்ள செம்பருத்தியைக் கவனியுங்கள். பகலில் இலையைவிடப் பளிச்சென்று தெரிந்த பூ, இருட்டத் தொடங்கியதும் கறுத்துப்போகும். இலைகளோ இன்னும் சற்று வெளிறித் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பை முதலில் இழக்கிறது. செக் நாட்டு அறிஞர் பூர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்து கூறினார். கடையில் பார்க்கும்போது எடுப்பாக இருந்த செஞ்சாயம், வெளிச்சம் புகாத உள்ளறையில் ஏன் பொலிவிழந்து கிடக்கிறது என்பதற்கு இஃதே காரணம்.

இனி, ஆசியாவின் பழைய வீடுகள் சிலவற்றைக் காண்போம். அவற்றைக் கட்டியவர்கள் எந்த ஆய்வுக்கூடத்திலும் பயின்றவர்கள் அல்லர். எனினும் நிறத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் லீத் தெருவில் நீல மாளிகை ஒன்று உள்ளது. சீன வணிகர் சியோங் பாட் ட்சே என்பவருக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட அந்த வீட்டில் 38 அறைகளும் 5 முற்றங்களும் உண்டு. சுண்ணாம்பு நீரில் அவுரிச் செடியின் நீலத்தைக் கலந்து அதன் சுவர்களுக்குப் பூசினர். செப்பனிடப்பட்ட பின், 2000ஆம் ஆண்டில் அதற்கு யுனெஸ்கோவின் மரபுக் காப்பு விருது கிடைத்தது. கடும் நீலம் ஒரு வீட்டை இருளாக்காதா என்று நாம் கேட்கலாம். அந்த நீலம் நண்பகல் வெயில் நேரே விழும் வெளிச்சுவரில் இருக்கிறது. கண்ணைக் கூசவைக்கும் வெயிலை அது தணித்துக் காட்டுகிறது. உள்ளே, வானம் பார்த்த முற்றங்கள் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. ஒளி மிகுந்த இடத்தில் அடர்ந்த நிறம் குளிர்ச்சியாகத் தெரியும். அதே நிறத்தைக் கொண்டுபோய் நம் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் பூசினால் குகைபோல் ஆகிவிடும்.

மலாயாவிலும் பர்மாவிலும் தொழில் நடத்திய நகரத்தார் செட்டிநாட்டில் எழுப்பிய வீடுகள் வேறொரு பாடத்தைச் சொல்கின்றன. அங்கும் நடுவே முற்றம் உண்டு. பர்மாத் தேக்கில் செய்த தூண்கள் கருமையானவை. ஆகையால் சுவர்களை வெண்மையாக வைத்தனர். சுண்ணாம்புச் சாந்துடன் முட்டை வெண்கருவையும் சேர்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினர். அந்தச் சுவர் கண்ணாடிபோல் வெளிச்சத்தை அறைக்குள் தள்ளும். வண்ண ஆசையை அவர்கள் தரையில் தீர்த்துக்கொண்டனர். ஆத்தங்குடிக் கற்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் பூவேலையாக விரிகின்றன. மேலே அமைதி, காலடியில் கொண்டாட்டம். தரையில் உள்ள வண்ணம், படிப்பவரின் கண்ணெதிரே வந்து நிற்பதில்லை என்பதையும் நோக்குக.

சப்பானியர் இவர்களினும் சிக்கனமானவர். அவர்களின் பழைய மரபு வீட்டில் மண்சுவர் மண் நிறத்திலேயே விடப்படும். தாள் ஒட்டிய மரச்சட்டக் கதவு வெயிலை வடிகட்டிப் பால்போல் உள்ளே விடும். தரையில் கோரைப்பாய் மெத்தை. புதிதில் இளம்பச்சையாக இருந்து, நாளடைவில் வைக்கோல் நிறமாகும். விருந்தினர் அமரும் அறையில் ஒரு மாடம் இருக்கும். அதில் ஓர் ஓவியச் சுருளும் ஒரு பூச்சாடியும் மட்டும் வைப்பர். பருவம் மாறினால் அவற்றையும் மாற்றுவர். அறை முழுவதும் அடங்கிய நிறமாக இருப்பதால், அந்த ஒரு பூவே அறையை நிறைத்துவிடும். நம் கூடத்தையும் சற்று எண்ணிப் பார்ப்போம். மளிகைக் கடை கொடுத்தது, நகைக் கடை கொடுத்தது, கட்சிக் கிளை கொடுத்தது என்று நான்கு சுவர்களிலும் நாள்காட்டிகள். அவற்றுள் இரண்டு சென்ற ஆண்டுக்குரியவை! சாமி படம் இருப்பதால் கழற்ற மனம் வருவதில்லை. படத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டமிட்டுச் சாமி மேடையில் வைத்துவிட்டால், சுவருக்கும் ஓய்வு, கண்ணுக்கும் ஓய்வு.

இந்த மூன்று வீடுகளிலிருந்தும் நம் சிறு கூடத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். உட்கூரைக்கு வெள்ளையே ஏற்றது. சுவர்களில் பெரும்பகுதிக்கு வெள்ளையோ, பாலேட்டின் நிறமோ, மிக வெளிறிய மஞ்சளோ பூசலாம். வெளிச்சம் மிகக் குறைந்த அறையில் தூய வெள்ளை சாம்பல் நிறமாகத் தெரியும். அங்கே சற்று மஞ்சள் கலந்தது மேல். பிள்ளையின் மேசையைச் சன்னல் ஓரத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு போடுக. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்புறமிருந்து ஒளி வந்தால், கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. உறங்குபவர் பக்கத்துச் சுவருக்கு மட்டும் இலையின் வெளிறிய பச்சையோ மங்கிய நீலமோ பூசி, இடையே அடர்ந்த நிறத்துத் திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிடலாம். பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்துத் தைத்தால் போதும். திரையை இழுத்தால் அப்பக்கம் இருள். இப்பக்கம் படிக்கும் வெளிச்சம் குறையாது. சுவருக்குப் பூசிய நிறத்தைத் தினமும் மாற்ற இயலாது. திரையை நாளுக்கு இருமுறை மாற்றலாம்.

மேற்கு நோக்கிய அறையில் பிற்பகல் வெயில் நெடுநேரம் அடிக்கும். அங்கே மஞ்சளும் ஆரஞ்சும் பூசினால், வெப்பம் மேலும் கூடியதுபோல் தோன்றும். வெளிறிய நீலமோ பச்சையோ அங்கே இதமாக இருக்கும். அதனால் அறையின் சூடு ஒரு பாகைகூடக் குறையாது; தகரக் கூரையின் கீழ் வாழ்வோருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கு மட்டுமே அந்த ஆறுதல்.

ஒரு நிறத்தைத் தனியே பார்த்து வாங்குவது தவறு என்பதைத் தாய்மார்கள் நன்கறிவர். சேலையின் கரை மாறினால் உடலின் நிறமே மாறித் தெரியுமன்றோ? பிரான்சு நாட்டின் கோப்லின் நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியல் அறிஞர் செவ்ரல் இதையே ஆராய்ந்தார். கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று அவரிடம் முறையிட்டனர். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நீல நூலே கறுப்பை மங்கச் செய்கிறது என்று அவர் கண்டார். 1839ஆம் ஆண்டில் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். எனவே, சாயக் கடைக்குச் செல்லும்போது திரைச்சீலையின் துண்டு ஒன்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

விளக்கையும் மறக்கலாகாது. இன்றைய விளக்குகளின் பெட்டியில் 2700 என்றோ 6500 என்றோ ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகவும், கூடினால் நீலங்கலந்த வெண்மையாகவும் இருக்கும். எழுதும் மேசைக்கு வெள்ளொளி கொள்ளலாம். படுக்கும் இடத்துக்கு மஞ்சள் ஒளி நன்று.

பழைய வீட்டுக்குச் சாயம் பூசும் பெற்றோர் கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தி ஒன்று உண்டு. முற்காலத்து எண்ணெய்ச் சாயங்களில், சிறப்பாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் கலந்திருந்தது. கதவிலும் சன்னல் சட்டத்திலும் அந்தப் பழைய அடுக்கு இன்னும் இருக்கலாம். ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது. நீரால் நனைத்துச் சுரண்டி, விழுந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கட்டிப் போட்டுவிட வேண்டும். அந்த வேலை நடக்கும்போது சிறு பிள்ளைகள் வீட்டில் இல்லாதிருப்பது நலம்.

சுண்ணாம்பு இன்றும் மலிவானது. ஈரச் சுவரை மூச்சுவிடச் செய்வது. பூஞ்சை எளிதில் பிடிக்காதது. ஆனால் கடைச் சாயம் பூசிய சுவரின் மேல் அது ஒட்டாமல் உதிரும். கண்ணில் பட்டால் கடுமையாகப் புண்ணாக்கும் என்பதால், கரைப்பதும் பூசுவதும் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

பிள்ளைகள் செய்யத்தக்க வேலை வேறு இருக்கிறது. கடையில் மிகச் சிறிய டின் ஒன்றை மட்டும் முதலில் வாங்கி வரச் சொல்லுங்கள். பெரிய அட்டை ஒன்றில் இரண்டு முறை பூசி உலரவைத்து, சாயம் பூச எண்ணிய சுவரில் மாட்டுங்கள். காலை எட்டு மணிக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும், இரவு விளக்கொளியிலும் அதைப் பார்த்து, தோன்றியதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். மறுநாள் அட்டையை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். ஒரே சாயம் ஆறு நிறமாகத் தெரிவதைக் கண்டு வியப்பீர்கள். அந்தக் குறிப்பை அப்பாவிடம் காட்டிய பிறகு, பெரிய டின் வாங்கலாம்.