மொரீஷியஸ் பயணம்: திட்டமிடுதலுக்கு ஒரு பாடம்

பாலசமுத்திரத்திலிருந்து ஆசிரியர் ஒருவர் ஒரு நாள் எமது கிளைக்கு வந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தரவேண்டும் என்றார். காரணம் கேட்டபோது, சற்றுத் தயங்கி, "குடும்பத்தோடு மொரீஷியஸ் போக ஆசை, சார். முன்பணம் கட்ட இந்த வாரமே கடைசி என்கிறார்கள்" என்றார். அன்று அவரோடு அமர்ந்து போட்ட கணக்கு பிறருக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே தருகிறேன்.

இடத்தை அறிதல்

மொரீஷியஸ் இந்தியப் பெருங்கடலில் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான தீவு. இன்று அங்கே எரிமலைகள் ஓய்ந்துவிட்டன. கியூர்பிப் நகரிலுள்ள துரூ ஓ செர்ஃப் என்னும் எரிமலை வாய் சுமார் 300 மீட்டர் விட்டமுடையது. இன்று அதனுள் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. சாமரேலின் பல வண்ண மண், எரிமலைப் பாறை சிதைந்து களிமண்ணானதால் உண்டானது. அந்த மண்ணில்தான் கரும்பு செழித்தது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் பலர் அக்கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் கரையேறிய ஆப்பிரவாசி காட், 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று.

அந்நாட்டுப் பணத்தாள்களில் தமிழும் இடம்பெற்றுள்ளது. 1998இல் வெளியான புதிய தாள்களில் தமிழ் இந்திக்குக் கீழே அச்சிடப்பட்டதால் அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மத்திய வங்கி அத்தாள்களைத் திரும்பப் பெற்று, வரிசையை மாற்றி அச்சிட்டது.

காலத்தைத் தேர்தல்

மொரீஷியஸ் நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ளது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும் மிகுதி; புயல்களும் அப்போதே வரும். மே முதல் வானிலை இதமாகும். ஆகவே நமது கோடை விடுமுறையின் பிற்பகுதி ஏற்றது. புயற்காலத்தில் செல்வோர், இரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் பதிவையும் பயணக் காப்பீட்டையும் விட்டுவிடலாகாது.

செலவைப் பிரித்தல்

விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, காப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்க. சுற்றுலா நிறுவனத்திடம் வெளிநாட்டுத் தொகுப்பை வாங்கினால், முன்கூட்டி வசூலிக்கப்படும் வரியும் உண்டு. அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யலாம். ஆயினும் புறப்படும்போது அத்தொகை கையில் இருக்க வேண்டும்.

ஆசிரியரின் மூவர் குடும்பத்திற்கு மொத்தம் ஏறத்தாழ 3,80,000 ரூபாய் என்று வந்தது. மாதம் 15,000 ரூபாய் வீதம் 24 மாதங்கள் தொடர் வைப்பில் செலுத்தினால், ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டியில், அசல் 3,60,000 ரூபாயும் வட்டி சுமார் 25,000 ரூபாயும் சேரும். வட்டி விகிதம் காலத்திற்கேற்ப மாறும்; எனவே கணக்குத் தொடங்கும் நாளில் கேட்டறிக.

ஆவணமும் அந்நியச் செலாவணியும்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகுமாறு பார்த்துக்கொள்க. சுற்றுலாவாகச் செல்லும் இந்தியருக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. திரும்பும் பயணச் சீட்டும் தங்குமிடச் சான்றும் கையில் இருக்கட்டும்.

அந்நியச் செலாவணியை அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். ஒரு பயணத்திற்கு ரொக்கமாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரையே பெறலாம். எஞ்சியதைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். பற்று அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படுமுன் இயக்கத்திற்குக் கொண்டுவர வேண்டும். 2024 பிப்ரவரி 12 முதல் மொரீஷியஸில் யுபிஐ சேவையும் தொடங்கப்பட்டுள்ளது. உங்கள் செயலியில் அவ்வசதி உண்டா என முன்பே பார்த்துக்கொள்க. அட்டையைத் தேய்க்கும்போது, "இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா?" என்று இயந்திரம் கேட்டால் மறுத்து, அந்நாட்டு நாணயத்திலேயே செலுத்துக. இல்லாவிடில் மாற்று விகிதத்தில் இழப்பு நேரும்.

ஊர் திரும்பியபின், 2,000 டாலர் மதிப்புக்கு மேல் மீந்த நோட்டுகளை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும்.

முடிவாக

ஆசிரியர் அன்று வைப்பை முடிக்கவில்லை. தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கிச் சென்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு மே மாதம் குடும்பத்தோடு மொரீஷியஸ் சென்று வந்தார். அடுத்த மாதமே அந்த நிரந்தர வைப்பு முதிர்ந்தது. மகளின் முதலாண்டுக் கட்டணத்தை அதிலிருந்து செலுத்தினார். அன்று கிளைக்கு வந்தவர், தமிழ் அச்சிட்ட இருபத்தைந்து ரூபாய் மொரீஷியஸ் தாளொன்றை என் மேசைமீது வைத்து, "இதை மட்டும் மாற்றப்போவதில்லை, சார்" என்றார்.